சிறுநீரகக் கட்டி உடைந்தால்...

கட்டி என்றதும் புற்றுநோயோ என்று கலங்குவது நம்மவர் இயல்பு. சிறுநீரகத்தில் தோன்றும் 'ஆஞ்சியோமயோலிப்போமா' அத்தகையதன்று. இரத்தக் குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்து வளரும் இக்கட்டி பெரும்பாலும் தீங்கற்றது, பெண்களிடமே அதிகம். ஆனால் அதிலுள்ள இரத்தக் குழாய்கள் வலுவற்றவை. கட்டி 4 சென்டிமீட்டரைத் தாண்டினாலும், கர்ப்ப காலத்திலும், அது உடைந்து இரத்தம் பெருகும் அபாயம் கூடுகிறது.

அந்த இரத்தம் பலருக்கு வெளியே தெரிவதில்லை. சிறுநீரகத்தைச் சுற்றி உள்ளேயே தேங்கிவிடும். கொடுமை அதுதான். விலாவில் திடீரெனக் கடும் வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை கண்டால், 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக் கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அங்கே தேவைக்கேற்ப இரத்தம் ஏற்றி, சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். முன்பெல்லாம் சிறுநீரகத்தையே அகற்ற நேர்ந்தது பலருக்கு. இன்றோ, பெரும்பாலும் தொடையிடுக்கிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இரத்தம் கசியும் கிளையை மட்டும் அடைத்துவிடுகிறார்கள். அதற்கும் இரத்தம் நிற்காவிட்டால்தான் அறுவை. அடைத்தபின் சில நாள் காய்ச்சலும் வலியும் வரலாம், அஞ்ச வேண்டாம். ஆனால் கட்டி மீண்டும் வளரக்கூடும் என்பதால், மருத்துவர் குறித்துத் தரும் ஸ்கேன் தவணைகளைத் தவறவிடலாகாது.