வாசலில் தொங்கும் கொடி வெற்றிலையா?

தோட்டப்புறத்தில் தொங்குசெடியைக் கடையில் வாங்கியவர்கள் குறைவு. பக்கத்து லயத்து அக்காவிடம் ஒரு கிளை ஒடித்து வாங்கி, பழைய மைலோ டின்னில் நட்டு, கம்பி கட்டித் தொங்கவிடுவதே நம் வழக்கம். கிளை கை மாறும். பெயர் மட்டும் கூட வராது. "ஏதோ கொடி, நல்லா வருது" என்பார்கள். பெயர் தெரியாததால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறீர்களா? வெற்றிலை போன்ற இலையுள்ள கொடியானால் தெரிந்து வைத்திருப்பதே நல்லது.

அது பெரும்பாலும் மணி பிளாண்டாகத்தான் இருக்கும். இந்தோனேசியாவில் இதைச் 'சீரே காடிங்', அதாவது தந்த வெற்றிலை என்கிறார்கள். குழப்பம் பெயரிலேயே இருக்கிறது, பாருங்கள்! வெற்றிலை மிளகின் உறவு. மணி பிளாண்டோ நம் கெலாடியின் உறவு. சரியாக வேகாத கெலாடி நாக்கை அரிக்குமல்லவா? அந்த அரிப்புக்குக் காரணமான ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் மணி பிளாண்டின் இலையிலும் தண்டிலும் உண்டு. பாட்டி வெற்றிலை மடிப்பதைப் பார்த்த பிள்ளை, தொங்கும் இலையைப் பறித்து வாயில் போட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பூ பூத்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். பசிபிக் கடலில் உள்ள மூரேயா தீவுதான் இதன் தாயகம். இது தானாகப் பூப்பது மிக மிக அரிது. பூப்பதற்குத் தேவையான ஒரு ஹார்மோனை இந்தச் செடியால் உண்டாக்க முடியவில்லை என்று 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். பூவைக் காண்பதே அரிதாக இருந்ததால் தாவர நிபுணர்களே தடுமாறி, 1880-ல் ஒரு பெயர் வைத்து, பிறகு மாற்றி மாற்றி, 1964-ல்தான் 'எபிபிரெம்னம்' என்ற இனத்தில் சேர்த்தார்கள்.

ஆகவே இலையைத்தான் பார்க்க வேண்டும். "மஞ்சள் தீற்றல் இருந்தால் மணி பிளாண்ட், இல்லாவிட்டால் வெற்றிலை" என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். வெளிச்சம் குறைந்த குசினி மூலையில் தொங்கும் மணி பிளாண்ட், மஞ்சள் மங்கிப் பச்சையாகிவிடும். இலை நரம்புகளைக் கவனியுங்கள். வெற்றிலையில் காம்புப் பக்கத்திலிருந்தே பல நரம்புகள் கிளம்பி, வளைந்து நுனியை நோக்கி ஓடும். மணி பிளாண்டில் நடுவே ஒரே தடித்த நரம்புதான். மற்றவை அதிலிருந்து இரு பக்கமும் பிரியும். இலையும் தடிப்பாக, மெழுகு பூசியதுபோல் இருக்கும். இன்னும் ஐயமா? இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வெற்றிலையின் கார மணம் நமக்குத் தெரியாததா? மணி பிளாண்டில் வெறும் பச்சை வாடைதான். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள். ருசி பார்த்துச் சோதிக்கவே கூடாது.

இன்னொரு வேடிக்கை! சாலையோர மரத்தில் முறம்போன்ற கிழிந்த இலைகளோடு ஏறியிருக்கும் கொடியைப் பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் அதுவும் மணி பிளாண்ட்தான். தொங்கினால் இலை சிறுக்கும். பற்றி ஏறினால் பெருக்கும். புல் போன்ற நீண்ட இலையில் வெள்ளைக் கோடும், நுனியில் குட்டிச் செடிகளும் தொங்கினால் அது ஸ்பைடர் பிளாண்ட், அதனால் பயமில்லை.

பிள்ளை மணி பிளாண்ட் இலையை மென்றுவிட்டால் வாய் எரியும், உதடும் நாக்கும் வீங்கும், எச்சில் வடியும். வாயில் இருப்பதை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கொப்பளிக்கச் செய்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வீக்கம் கூடினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ உடனே ஆஸ்பத்திரிதான். அந்தக் கொடியில் ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோங்கள், டாக்டருக்கு உதவும். நாயும் பூனையும் கடித்தாலும் இதே தொல்லைதான்.

இதற்காகச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. டின் உயரத்தில் இருந்தாலும் கொடி கீழே இறங்கிக்கொண்டே வரும். பிள்ளையின் கைக்கு எட்டும்முன் வாலை நறுக்குங்கள். நறுக்கிய துண்டை முற்றத்தில் போட்டுவிடாமல், கணு மூழ்கும்படி தண்ணீர்ப் போத்தலில் வைத்து அலமாரி மேல் ஏற்றிவிடுங்கள். சில வாரங்களில் வேர்விட்டு அடுத்த டின்னுக்குத் தயாராகிவிடும்.