விமானத்தின் மூக்கு

கோடை பிறந்துவிட்டால் நமது விடுதித் தாழ்வாரத்தில் மண் சுராஹிகள் வரிசையாகத் தோன்றிவிடும். நம் ஊரில் பானை; இவ்வூரில் கழுத்து நீண்ட சுராஹி. பெயர் வேறாயினும் வேலை ஒன்றே. மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிக்காற்றில் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளேயிருக்கும் நீரிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது. ஆகவே உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. பள்ளிச் சிறுவனும் அறிந்த செய்திதான் இது. ஆனால் இதே செய்தி, வானில் பறந்துகொண்டிருக்கும் ஒரு சிறு விமானத்தின் எஞ்சினை மூச்சுத் திணற அடித்து நிறுத்திவிடவும் வல்லது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

விமானத்தைத் தம் கையாலேயே கட்டிப் பறப்போர் அமெரிக்காவில் ஏராளம். 1903-இல் முதன்முதலாகப் பறந்த ரைட் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்களாயிருந்து தாமே கட்டியவர்கள்தாம். 1953-இல் பால் பொபரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் இத்தகையோருக்கென ஒரு சங்கம் கண்டார். 1970 முதல் ஆஷ்காஷ் என்ற ஊரில் ஆண்டுதோறும் அச்சங்கத்தின் பெருவிழா நடைபெற்று வருகிறது. தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் வேலையின் பெரும்பகுதியைத் தாமே செய்திருந்தால், அந்த விமானத்துக்கு அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஓரிகன் மாநிலத்து வான்ஸ் நிறுவனம் விற்கும் பாகங்களைக் கொண்டு கட்டப்பட்டுப் பறந்த விமானங்கள் மட்டுமே 10,000-க்கு மேல்.

இவர்கள் எஞ்சினைப் பெரும்பாலும் ஆயத்தமாகவே வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அது மூச்சு விடும் வழியைப் பொருத்துவது கட்டுபவர் பொறுப்பு. அந்த மூக்கைப் பற்றியதே இக்கட்டுரை.

மூச்சின் அளவு

லைகமிங் ஓ-320 என்பது இத்தகைய விமானங்களில் பெரிதும் காணப்படும் எஞ்சின். நான்கு சிலிண்டர், 150 அல்லது 160 குதிரைசக்தி. நான்கு பிஸ்டன்களும் ஒரு முறை இழுக்கும் இடம் ஏறத்தாழ 5.2 லிட்டர். இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை இவ்வளவு இழுக்கும். நிமிடத்துக்கு 2,700 சுழற்சி எனில் 1,350 இழுப்பு; ஆக 7,000 லிட்டர். சிலிண்டர் எப்போதும் முழுதாக நிரம்புவதில்லையாதலால் 6,000 லிட்டர் என்று கொள்வோம். நொடிக்கு 100 லிட்டர்! 15 லிட்டர் குடத்தால் அளந்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஆறேழு குடம் காற்று போய்விடும். எடையில் கணக்கிட்டால் நிமிடத்துக்கு ஏழு கிலோ காற்று. அத்துடன் கலக்கும் பெட்ரோலோ அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். பெட்ரோலால் ஓடும் எஞ்சின் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது காற்றைத் தின்றே ஓடுகிறது எனலாம்.

பெட்டியும் வாயும்

இவ்வெஞ்சினில் கார்புரெட்டர் அடிப்பக்கத்தில் தொங்குகிறது. காற்று கீழிருந்து மேலே ஏறி, பெட்ரோலைக் கலந்துகொண்டு சிலிண்டர்களுக்குப் போகிறது. கார்புரெட்டருக்குக் கீழே ஒரு காற்றுப் பெட்டி, அதற்குள் வடிகட்டி, பெட்டியின் வாய், சுழல்விசிறிக்குப் பின்னால் முன்னோக்கித் திறந்திருக்கும்.

வாய் முன்னோக்கியிருப்பதால் ஒரு நன்மை உண்டு. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அவ்வாயில் மோதி நிற்கும்போது எழும் அழுத்தம், காற்று மண்டல அழுத்தத்தில் 3 விழுக்காடு. அதாவது 150 குதிரைசக்தியில் நாலைந்து குதிரைகள் செலவின்றிக் கிடைக்கின்றன. ஆனால் இடையில் ஒரு பிளவு இருந்தாலும் அவை ஓடிவிடும்.

இங்குதான் கட்டுபவருக்கு முதல் தலைவலி. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. முடுக்கும்போதும் நிறுத்தும்போதும் குலுங்கி ஆடுகிறது. அதை மூடும் உறையோ விமான உடலோடு அசையாமல் இணைந்திருக்கிறது. பெட்டி எஞ்சினோடு ஆடும். வாய் உறையோடு நிற்கும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் சில நாட்களில் விரிசல். இடைவெளி விட்டால் அழுத்தம் வீண். எனவே போதிய இடம் விட்டு, வளைந்து கொடுக்கும் ரப்பர் அல்லது சிலிக்கோன் துணிப் பட்டையால் அவ்விடத்தை அடைக்கிறார்கள். உறையை மாட்டிப் பார்த்து, குறியிட்டு, கழற்றி, அராவி, மீண்டும் மாட்டி என்று பல நாள் இவ்வேலை நடக்கும்.

வடிகட்டி எதற்கு? ஓடுபாதையின் புழுதி உள்ளே போனால் சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. வடிகட்டிக்கு அப்பால், எஞ்சின் பக்கம், கட்டுபவரே வைத்த ஆணியோ திருகோ கழன்றால் அதைத் தடுக்க யாருமில்லை. நேரே எஞ்சினின் வயிற்றுக்குப் போகும். குருட்டு ரிவெட்டின் உள்ளே தங்கும் சிறு ஊசித் துண்டுகூட அதிர்வில் தளர்ந்து விழக்கூடும். ஆதலால் அனுபவமுள்ளவர்கள் அவ்வூசியின் தலையைப் பசையிட்டு மூடுகிறார்கள். போல்ட்டுகள் திரும்பாதபடி கம்பியால் கட்டுகிறார்கள். பெட்டியின் அடியில் ஒரு சிறு துளையும் இடுவர். முடுக்கும்போது வழியும் பெட்ரோல் அங்கே தேங்கித் தீப்பற்றாமல் வடிந்து போவதற்காக இது.

பனிக்கட்டி எங்கிருந்து?

இப்போது சுராஹிக்கு வருவோம். கார்புரெட்டரின் குறுகிய தொண்டையில் காற்று விரைந்து செல்கிறது. அழுத்தமும் வெப்பநிலையும் குறைகின்றன. அங்கேயே பெட்ரோல் தூவப்பட்டு ஆவியாகிறது; வெப்பம் மேலும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து 20 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை குளிரச் செய்யும். காற்றிலுள்ள நீராவி அங்கே உறைந்து, தொண்டையிலும் திராட்டில் தகட்டிலும் பனிக்கட்டியாகப் படிகிறது. மூச்சுவழி சுருங்குகிறது, முடிவில் அடைபடுகிறது.

இது குளிர்நாட்டுத் தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். வெப்பநிலை 21 டிகிரிக்குக் குறைந்து, ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டிருக்கும்போதே இது மிகுதி. ஆயினும் 38 டிகிரி வெயிலில், 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் உண்டாகக்கூடும் என்கிறது அமெரிக்க அரசின் விமானிகள் கையேடு.

இதில் ஒரு வேடிக்கை. மே மாத வடநாட்டு வறண்ட காற்றில் சுராஹி நீர் நன்றாகக் குளிர்கிறது. சென்னைக் கடற்கரையிலோ பானை நீர் அவ்வளவு குளிர்வதில்லை, காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால். கார்புரெட்டருக்கு இது தலைகீழ். அங்கே ஆவியாவது பெட்ரோல். காற்றின் ஈரம் அதைத் தடுப்பதில்லை. உறைவதற்கு நீராவி வேண்டும்; அது கடற்கரையில் நிறைய உண்டு. ஆகவே பானை குளிராத இடத்தில்தான் எஞ்சின் உறையும்! சென்னையின் மார்கழிக் காலை நமக்கு இதமானது, கார்புரெட்டருக்கோ கண்டம்.

மிகவும் ஆபத்தான நேரம், எஞ்சின் வேகத்தைக் குறைத்துத் தரையிறங்கும் நேரம். திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். வழி ஏற்கெனவே குறுகல். எஞ்சினில் சூடும் குறைவு. சிறிது பனிக்கட்டியே போதும். எஞ்சின் நின்று வயலில் இறங்கிய பிறகு யாரேனும் வந்து கார்புரெட்டரைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. குற்றவாளி உருகி ஓடியிருப்பான்.

சூடான காற்று

மருந்து எளியது. புகைக்குழாயைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டால் ஓர் உறை அமைத்து, அதன் வழியே காற்றை இழுத்துச் சூடாக்கி, ஒரு குழாயால் காற்றுப் பெட்டிக்குக் கொண்டு வருகிறார்கள். பெட்டியில் ஒரு கதவு. விமானி கைப்பிடியை இழுத்தால் குளிர்காற்று அடைபட்டுச் சூடான காற்று புகும். தொழிற்சாலை விமானங்களில் இச்சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை 2017 வரை அமெரிக்கச் சட்டம் எண்ணாலேயே வரையறுத்திருந்தது: சாதாரண கார்புரெட்டர் எஞ்சின் முக்கால் பங்கு சக்தியில் ஓடும்போது, உறைநிலைக்கு ஒரு டிகிரி கீழான காற்றை 50 டிகிரி உயர்த்த வேண்டியிருந்தது.

வீட்டில் கட்டுவோரை இத்தகைய விதி கட்டுப்படுத்தாது. அதனாலேயே சிலருக்குச் சபலம் தட்டுகிறது. கதவு வைத்தால் எடை, கதவோரம் கசிவு, இலவசமாக வந்த குதிரைகளில் ஒன்றிரண்டு ஓடிவிடும், அதன் திருகு கழன்றால் எஞ்சினுக்குள்ளே போகும். ‘நம் பக்கம் குளிரே கிடையாதே, இது எதற்கு?’ என்கிறார்கள். குளிரைப் பார்த்து ஈரத்தை மறந்த பேச்சு இது. வேறு சிலர் கார்புரெட்டரையே விட்டுவிட்டு, உள்ளிழுக்கும் வால்வின் அருகே பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்கு மாறுகிறார்கள். அதில் தொண்டைப் பனிக்கட்டி இல்லை என்பது உண்மை. ஆனால் வெண்பனி படிந்து வடிகட்டியே அடைபட்டால்? அதற்கு மாற்றுக் கதவு ஒன்று வேண்டியிருக்கிறது. மூக்குள்ளவரை சளி உண்டு என்று நம் பாட்டிமார் சொல்வது இதற்கும் பொருந்தும்.

சூடான காற்றைக் கையாள்வதிலும் சில நுட்பங்கள் உண்டு. அக்காற்று பொதுவாக வடிகட்டி வழியே வருவதில்லை. ஆகையால் புழுதித் தரையில் சோதனைக்கு மேல் அதைப் பயன்படுத்தலாகாது. உறைக்குள் மறைந்திருக்கும் புகைக்குழாயில் விரிசல் கண்டால் எஞ்சின் தன் புகையையே மூச்சாக இழுக்கும். ஆகையால் உறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கதவை இயக்கும் கம்பி அறுந்தாலும் ஏதேனும் ஒரு வழி திறந்தே இருக்குமாறு கதவை அமைக்க வேண்டும்.

யாவற்றிலும் முக்கியமானது இது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. கைப்பிடியை இழுத்ததும் எஞ்சினின் சுழற்சி சற்றுக் குறையும். பனிக்கட்டி இருந்தாலோ, உருகும் நீரும் உள்ளே போவதால் எஞ்சின் இருமும், உதறும், நின்றுவிடும் போலத் தோன்றும். புதிய விமானி அஞ்சிக் கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடுகிறார். மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் மருந்தை நிறுத்துவது போன்றது அது. சில நொடி பொறுத்தால் பனி உருகி வழி திறக்கும். சுழற்சி தானே ஏறும்.

தேர்ந்த கட்டுநர்கள் இதையெல்லாம் நம்பிக்கைக்கு விட்டுவிடுவதில்லை. கார்புரெட்டரில் வெப்பமானி பொருத்தி, கைப்பிடியை இழுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து, எத்தனை டிகிரி உயர்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். போதாவிட்டால் உறையைத் திருத்திக் கட்டுகிறார்கள்.

தொழிற்சாலை விமானத்தில் ஒருவர் கட்ட, ஒருவர் சோதிக்க, வேறொருவர் பறக்கிறார். வீட்டில் கட்டிய விமானத்திலோ ரிவெட்டின் ஊசியைப் பசையிட்டு மூடியவரும், அவ்வெஞ்சினை நம்பி முதன்முதலில் தரையை விட்டு எழுபவரும் ஒருவரே. சட்டம் கேட்காத கேள்விகளை அவரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அக்கேள்விகளுக்கு விடை தேட உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. தாழ்வாரத்துச் சுராஹி ஏன் குளிர்கிறது என்று ஒழுங்காகச் சிந்தித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.