பெட்டிக்குள் பெட்டி

கணிப்பொறி தகவல்களைச் சேமித்து வைக்கும் முறைகளுள் இரண்டினை இங்குக் காண்போம். ஒன்று, நமது வகுப்பு வருகைப் பதிவேட்டைப் போன்ற அட்டவணை முறை. 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பவர் இதற்கு இலக்கணம் வகுத்தார். மற்றொன்று, 1998-இல் வெளியான எக்ஸ்.எம்.எல். முறை. இதில் ஒவ்வொரு தகவலும் பெயர் எழுதிய பெட்டியினுள் இருக்கும். பெட்டிக்குள் பெட்டியும் இருக்கும்.

நாம் அனைவரும் அறிந்த ஆதாரிலும் இதனைக் காணலாம். 2018-இல் அறிமுகமான ஆதார் ஆஃப்லைன் சரிபார்ப்புக் கோப்பு எக்ஸ்.எம்.எல். வடிவில் அமைந்ததாகும். அதில் பெயரும் பிறந்த தேதியும் ஒரு பெட்டியில். தெரு, ஊர், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவை வேறொரு பெட்டியில். முழு ஆதார் எண் அதில் இராது.

ஓர் உதவித்தொகை அலுவலகம், மாணவிக்கு ஒரு வரிசையாக அட்டவணை அமைத்து, அதன் ஒரு கட்டத்தில் இக்கோப்பை அப்படியே வைத்திருப்பதாகக் கொள்வோம். தகவல்களைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்துவிட்டு, கோப்பை எறிந்துவிடலாகாதா? ஆகாது. கோப்பில் மின் கையொப்பம் உள்ளது. ஓர் எழுத்து மாறினாலும் அது பொருந்தாது. எனவே மூலத்தைக் காத்தே தீர வேண்டும்.

இனி, சென்னைக் கோபாலபுரம் அஞ்சல் வட்டாரத்து மாணவியரை எவ்வாறு கண்டறிவது? 'கோபாலபுரம்' என்ற சொல்லைத் தேடினால் கோவையிலுள்ள கோபாலபுரமும் வந்து நிற்கும். ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால், வர வேண்டியவள் விடுபடுவாள். ஆதலால் 'முகவரிப் பெட்டியினுள் அஞ்சல் எண் 600086 உள்ளவை' என்று வழி சொல்லிக் கேட்க வேண்டும். இவ்வாறு வழி சொல்வதற்கென 1999-இல் எக்ஸ்பாத் என்னும் மொழி வந்தது. அட்டவணைகளை வினவும் எஸ்.க்யூ.எல். மொழியின் தரத்தில் 2003-இல் எக்ஸ்.எம்.எல். பற்றிய பகுதி சேர்ந்தது. 2006-இல் வந்த 'எக்ஸ்.எம்.எல்.டேபிள்' என்ற கட்டளை, பெட்டியிலிருப்பதை அட்டவணை வரிசைகளாக விரித்துத் தருகிறது.

கோப்புகள் இலட்சக்கணக்கில் பெருகினால் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பது நேரத்தை விழுங்கும். அதனால் அடிக்கடி தேவைப்படும் அஞ்சல் எண்ணை மட்டும் தனிக் கட்டத்தில் எடுத்தெழுதி, புத்தகத்தின் இறுதியில் உள்ளதைப் போன்ற பொருளகராதி ஒன்றை அமைத்துக்கொள்வர்.

வழி சொல்லிக் கேட்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. அஞ்சல் எண் வேண்டுமெனில் அதை மட்டுமே பெறலாம். மாணவியின் புகைப்படத்தையும் பிறந்த தேதியையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை.

தோழியரே, கணிப்பொறி நாம் கேட்டதற்கே விடை தரும். தவறாகக் கேட்டு ஒரு வரிசை விடுபட்டால், அங்கே விடுபடுவது வெறும் எண்ணன்று; படிப்புக்கு உதவியை எதிர்நோக்கியிருக்கும் ஒரு மாணவி. ஆகவே, கேட்கக் கற்போம். சரியாகக் கேட்கக் கற்போம்!