எடைக்குப் போட முடியாத எவர்சில்வர்
அன்றாடப் பொருள்களிலிருந்து பிறக்கும் நவீனச் சிற்பங்களைச் சேகரிக்க விரும்புவோருக்கு

எவர்சில்வர் குடம் ஒன்றின் விலையை அறிவது மிக எளிது. கடைக்காரர் அதைத் தராசில் வைப்பார். எடைக்குரிய விலையைச் சொல்வார். பல ஆண்டுகள் புழங்கிய பின் அதே குடத்தைப் பழைய பாத்திரக் கடைக்கு எடுத்துச் சென்றால், அங்கும் தராசுதான் பேசும்; விலை மட்டும் குறைந்திருக்கும். இந்தியக் குடும்பங்கள் அனைத்திற்கும் பழக்கமான கணக்கு இது.

இந்தக் கணக்கு செல்லாத எவர்சில்வரும் உண்டு. புது தில்லியின் கிரண் நாடார் கலை அருங்காட்சியகச் சேகரிப்பில் ‘லைன் ஆஃப் கன்ட்ரோல்’ என்னும் சிற்பம் இருக்கிறது. வாளி, தட்டு, கிண்ணம், டிபன் கேரியர், கரண்டி என நம் சமையலறைகளில் காணும் பாத்திரங்களே அதன் உறுப்புகள். அண்ணாந்து பார்க்கும்போதுதான் அவை அனைத்தும் சேர்ந்து அணுகுண்டு வெடிப்பின் காளான் வடிவ மேகமாக எழுந்து நிற்பது புலப்படும். சுமார் 26 டன் எடையுள்ள இச்சிற்பம் 2008-இல் உருவாகி, 2009-இல் லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இதன் மதிப்பை எந்தத் தராசும் சொல்லாது.

இதைப் படைத்த சுபோத் குப்தா 1964-இல் பீகாரின் ககோல் என்னும் ரயில்வே ஊரில் பிறந்தவர். பாட்னா கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர். பளபளக்கும் எவர்சில்வர், நடுத்தரக் குடும்பங்களின் பெருமிதம். அதே பாத்திரம் காலியாக இருந்தால் பசியின் அடையாளம். இவ்விரு பொருளையும் ஒரே உலோகத்தில் கண்டதே அவருடைய தனித்தன்மை. பாத்திரங்களால் அமைந்த அவரது மாபெரும் மண்டையோடு 2006-இல் பாரிசிலும், மறு ஆண்டு வெனிஸ் நகரின் பெருங்கால்வாய்க் கரையிலும் நின்றது. அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள் ‘மிகுந்த பசி கொண்ட கடவுள்’.

இத்தகைய படைப்புகளின்பால் ஈர்க்கப்பட்டு, சிறிய அளவிலேனும் ஒன்றை வாங்கி வீட்டில் வைக்க விரும்புவோர் இன்று பலர். ஆனால் சிற்பத்தின் பொருள் மலிவாக இருக்கும்போது, நாம் பணம் கொடுத்துப் பெறுவது உண்மையில் எதனை? இக்கேள்விக்கு விடை தெரிந்துகொண்ட பின்னரே பணப்பையைத் திறப்பது நல்லது.

சமையலறைப் பொருளா, சிற்பமா?

இக்கேள்வியை எழுப்பியவர்கள் கலை விமர்சகர்கள் மட்டும் அல்லர், சுங்க அதிகாரிகளும்தான். 1926-இல் சிற்பி பிரான்குசியின் ‘வானில் பறவை’ என்னும் வெண்கலச் சிற்பம் கப்பலில் நியூயார்க் வந்து சேர்ந்தது. கலைப்படைப்புக்கு வரி இல்லை. ஆனால் வழவழப்பான அந்த நெடிய உலோகத்தில் பறவையைக் காணாத அதிகாரிகள், அதைச் சமையலறைக் கருவிகளும் மருத்துவமனைப் பொருள்களும் அடங்கிய பிரிவில் சேர்த்து 40 சதவீத வரி விதித்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1928-இல் அது சிற்பமே என்று தீர்ப்பு வந்தது.

1960-களின் பாப் கலைஞர்கள் இந்தக் குழப்பத்தையே தங்கள் கருவாக்கினர். கிளாஸ் ஓல்டன்பர்க் 1961-இல் நியூயார்க்கின் கிழக்கு இரண்டாம் தெருவில் உண்மையான கடை ஒன்றையே திறந்து, துணிக்கட்டும் சாந்தும் கொண்டு செய்த சட்டைகளையும் தின்பண்டங்களையும் வண்ணம் பூசி விற்றார். பின்னாளில் அவர் துணி உலர்த்தும் கவ்வியைப் பிலடெல்பியா நகரில் 45 அடி உயர எஃகுச் சிற்பமாக நிறுத்தினார். ஆண்டி வார்ஹால் 1964-இல் பாத்திரம் துலக்கும் ‘பிரில்லோ’ பஞ்சின் அட்டைப்பெட்டியை ஒட்டுப்பலகையில் செய்து, அதே எழுத்துகளை அச்சிட்டு, கலைக்கூடத்தில் அடுக்கினார். மறு ஆண்டு அப்பெட்டிகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டபோது அவை சிற்பமல்ல, வணிகச் சரக்கே என்று கூறி வரி கேட்டார்கள்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றை 1969-இல் ஆயிரம் டாலருக்கு வாங்கிய குடும்பம், அதைச் சில ஆண்டுகளிலேயே வேறொரு படைப்புக்கு மாற்றிக்கொண்டது. 2010-இல் அதே பெட்டி ஏலத்தில் 30 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. இதைப் பற்றி ஆவணப்படமும் வந்துள்ளது. ஆனால் விலைபோகாத பெட்டிகளைப் பற்றி எவரும் படம் எடுப்பதில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எங்கே பார்க்கலாம், எங்கே வாங்கலாம்?

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்க வேண்டும். அதற்குச் செலவு மிகக் குறைவு. தில்லியில் தேசிய நவீனக் கலைக்கூடம் உள்ளது. சண்டிகரில் நேக் சந்த் அமைத்த பாறைத் தோட்டம், உடைந்த வளையல்களும் பீங்கான் துண்டுகளும் மனித உருவங்களாக அணிவகுக்கும் அரிய இடம். 1976 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. ஜெய்ப்பூர் நாகர்கர் கோட்டையின் மாதவேந்திர அரண்மனையில் 2017-இல் சமகாலச் சிற்பங்களுக்கென ஒரு பூங்கா தொடங்கப்பட்டது. தில்லியில் நடைபெறும் இந்தியக் கலைச் சந்தையும், 2012-இல் தொடங்கிய கொச்சி–முசிறி பினாலேயும் இக்கலையின் புதிய முகங்களை அறிமுகம் செய்கின்றன.

அன்றாடப் பொருள் என்பது பாத்திரம் மட்டுமன்று. பார்தி கேர் தம் படைப்புகளில் நெற்றியில் ஒட்டும் பொட்டைப் பயன்படுத்துகிறார். ஆயிரக்கணக்கான பொட்டுகளால் உடல் முழுவதும் போர்த்தப்பட்டு, மண்டியிட்டுக் கிடக்கும் ஆளுயர யானைச் சிற்பம் அவர் 2006-இல் படைத்தது. 2010-இல் லண்டன் ஏலத்தில் அது ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டுக்கு விற்றது. ஜிதிஷ் கல்லாட் ஆட்டோ ரிக்‌ஷாவை எலும்புக்கூடு வடிவில் வார்த்தெடுத்தார்.

இவை பெருஞ்செல்வர்க்கும் அருங்காட்சியகங்களுக்கும் உரியவை என்று சோர்வடைய வேண்டியதில்லை. வடோதரா, சாந்திநிகேதன் போன்ற இடங்களின் நுண்கலைக் கல்லூரிகளில் இளம் சிற்பிகளை நேரில் காணலாம். சாந்திநிகேதனின் கலாபவனத்தில் நந்தலால் போஸின் பிறந்தநாளையொட்டி டிசம்பர் தொடக்கத்தில் நந்தன் மேளா நடக்கிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் படைப்புகளை எளிய விலையில் விற்கும் திருவிழா அது. சிற்பியோடு அரைமணி நேரம் பேசி, இந்தப் பூட்டையோ இந்தச் சல்லடையையோ அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டறிந்து வாங்கும் சிறு சிற்பம், வாழ்நாள் முழுவதும் அலுக்காது.

பெயர் பொறித்த பாத்திரம்

நம் வீடுகளில் திருமணப் பரிசாக வரும் குடத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் பொறித்திருக்கும். அந்த எழுத்துகளே அதற்கு ஒரு வரலாற்றைத் தருகின்றன. ஒரே மாதிரியான நூறு குடங்களிலிருந்து நம்முடையதைப் பிரித்துக் காட்டுகின்றன. அன்றாடப் பொருளால் ஆன சிற்பத்துக்கு அந்தப் பணியைச் செய்வது ஆவணம். பொருள் எவருக்கும் கிடைக்கும் என்பதால், பிறர் அதைப் போலவே செய்துவிடுவது எளிது.

இதற்கு வார்ஹாலின் பெட்டிகளே சான்று. சுவீடனின் புகழ்பெற்ற அருங்காட்சியக இயக்குநர் பொந்துஸ் ஹூல்தேன், 1990-இல், அதாவது வார்ஹால் மறைந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின், நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளைச் செய்வித்தார். அவற்றுள் பல 1968-ஆம் ஆண்டுப் படைப்புகள் என்ற சான்றுடன் சந்தைக்குச் சென்றன. 2007-இல் சுவீடன் நாளிதழ் ஒன்று உண்மையை வெளிப்படுத்தியது. துறையின் பெரும் வல்லுநர் கையெழுத்திட்ட தாளே பிழையாக இருந்தபோது, அதை நம்பி வாங்கியவர்கள் திகைத்து நின்றனர்.

எனவே வாங்கும்போது பின்வருவனவற்றைக் கேட்டுப் பெறுங்கள்:

- சிற்பியே கையொப்பமிட்ட நம்பகச் சான்றிதழ். அதில் தலைப்பு, ஆண்டு, அளவு, பயன்படுத்திய பொருள்கள், நிழற்படம் ஆகியவை இருக்க வேண்டும்.
- ஒரே வடிவில் எத்தனை பிரதிகள் செய்யப்பட்டுள்ளன, உங்களுடையது எத்தனையாவது என்ற குறிப்பு.
- வங்கி வழியாகப் பணம் செலுத்தியதற்கான சான்றும் முறையான வரி விலைச்சீட்டும்.
- முன்பு வேறொருவரிடம் இருந்த படைப்பு எனில், அது கைமாறிய வரலாறு.
- பல உறுப்புகள் கொண்ட சிற்பம் எனில், அதை அடுக்கும் முறை. ஓர் உறுப்பு நசுங்கினாலோ தொலைந்தாலோ வேறொன்றை வைக்கலாமா என்பது குறித்துச் சிற்பியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல்.

கடைசியாகக் கூறியதைப் பலர் கேட்பதில்லை. ஒரு கிண்ணத்தை மாற்றினால் அது அதே சிற்பம்தானா என்பதைச் சொல்லும் உரிமை சிற்பிக்கே உண்டு.

புளி போட்டுத் துலக்க வேண்டாம்

2011-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகர அருங்காட்சியகத்தில், மார்ட்டின் கிப்பன்பெர்கரின் சிற்பம் ஒன்றின் அடியில் ரப்பர் தொட்டி இருந்தது. அதில் படிந்திருந்த வெண்ணிறக் கறை, சிற்பியே பூசியது. துப்புரவுப் பணியாளர் அதை அழுக்கென்று எண்ணித் தேய்த்துக் கழுவிவிட்டார். எட்டு லட்சம் யூரோவுக்குக் காப்பீடு செய்யப்பட்ட படைப்பு அது. 2024-இல் நெதர்லாந்தின் அருங்காட்சியகம் ஒன்றில், கையால் தீட்டப்பட்ட இரண்டு பீர் கேன்களை மின்தூக்கிப் பணியாளர் குப்பையில் போட்டுவிட்டார். நல்லவேளையாக அவை மீட்கப்பட்டன. இருவரும் தம் கடமையைச் செவ்வனே செய்தவர்களே. தம் முன் இருந்தது கலைப்படைப்பு என்பதை உணரவில்லை என்பதுதான் குறை.

நம் வீட்டிலும் இது நடக்கலாம். பித்தளையைப் புளியிட்டுத் துலக்குவது நம் நல்ல பழக்கம். ஆனால் சிற்பி வேண்டுமென்றே விட்டுவைத்த களிம்பு, அத்துடன் போய்விடும். உலர்ந்த மென்துணியால் தூசு தட்டுவது போதும். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் எவர்சில்வரிலும் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அதற்கான பராமரிப்பைச் சிற்பியிடமோ கலைக்கூடத்திடமோ கேட்டே செய்ய வேண்டும்.

இதனினும் பெரிய இடர் அடுத்த தலைமுறையில் காத்திருக்கிறது. வீட்டின் மூலையில் நிற்கும் வாளிக் குவியல் சிற்பம் என்பதை வாங்கியவர் மட்டுமே அறிந்திருந்தால், அவருக்குப் பின் அது பழைய இரும்புக் கடைக்குப் போவதைத் தடுக்க எவரும் இல்லை. குடும்பத்தாரிடம் சொல்லி வையுங்கள். உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் குறிப்பிடுங்கள். சிற்பம் பெட்டகத்தில் அடங்காமல் போகலாம். அதன் சான்றிதழ் அடங்கும்.

கணக்கும் வரியும்

சிற்பம் வைப்புத்தொகையைப் போல் வட்டி தராது. தேவைப்படும் நாளில் பணமாகவும் மாறாது. இந்தியச் சமகாலக் கலையின் விலைகள் 2008 வரை வேகமாக உயர்ந்து, உலக நிதி நெருக்கடியை அடுத்துச் சரிந்தன. பிறர் பணத்தைத் திரட்டிக் கலைப்படைப்புகளில் இட்ட நிதியங்கள் குறித்து, பதிவு பெறாமல் அவற்றை நடத்துவது விதிமீறல் என்று செபி அவ்வாண்டே எச்சரித்தது. ஆதலால் அவசர நிதி, காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவற்றை ஒதுக்கிய பின் எஞ்சும் தொகையிலேயே இவ்விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்வது அறிவுடைமை.

சிற்பங்கள் ஒருகாலத்தில் வருமான வரியில் சொந்தப் பயன்பாட்டுப் பொருளாகக் கருதப்பட்டன. 2007-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அவற்றை மூலதனச் சொத்தாக்கியது. எனவே விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு வரி உண்டு. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது நீண்டகால ஆதாயம்; 2024 ஜூலை 23 முதல் அதற்கான அடிப்படை வரி விகிதம் 12.5 சதவீதம். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் ₹50,000-க்கு மேல் மதிப்புள்ள இத்தகைய பொருள்களை அன்பளிப்பாகப் பெற்றால், திருமணம் போன்ற விலக்குகள் நீங்கலாக, அதுவும் வருமானமாகும். வாங்கிய நாளின் விலைச்சீட்டு இல்லையேல் ஆதாயத்தைக் கணக்கிடுவதே கடினம். வீட்டுக் காப்பீட்டில் கலைப்படைப்புகள் தாமாக அடங்கிவிடும் என்று கருதாமல், தனியே குறிப்பிட்டுச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். உங்கள் நிலைக்குரிய விவரங்களைப் பட்டயக் கணக்காளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். பாத்திரத்தின் உலோகத்துக்காக நாம் பணம் கொடுப்பதில்லை. ஆயிரம் முறை பார்த்தும் நாம் கவனியாத ஒன்றை ஒருவர் கவனித்தார். அந்தக் கவனிப்புக்கு வடிவம் கொடுத்தார். அதற்கே நாம் விலை தருகிறோம். அந்த வடிவம் அவருடையதே என்பதற்கு ஆவணம் சாட்சி. அது நமக்கு வேண்டுமா என்பதற்கு நம் கண்ணே சாட்சி. விலை ஏறாவிட்டாலும் இச்சிற்பத்தை என் வீட்டில் வைத்திருப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்று மனம் சொன்னால், தயங்காமல் வாங்குங்கள்.