சொத்து இருக்கிறது, சொந்தக்காரர் எங்கே?

இங்கிலாந்தில் ஒரு விசித்திரத் தொழில்

லண்டன் நகரில் ஒரு சின்ன வீடு. அதில் ஒரு கிழவர் தனியாக வாழ்ந்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவர் இறந்து போகிறார். மனைவி இல்லை. மக்கள் இல்லை. உயிலும் எழுதி வைக்கவில்லை. வீடு இருக்கிறது. பாங்கியில் பணம் இருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை!

அந்தச் சொத்து யாருக்கு?

உரிய உறவினர் ஒருவர்கூட இல்லை என்றால், அரசாங்கத்துக்கு! ஆனால், எங்கேயோ ஓர் ஊரில் கிழவரின் அத்தை மகள் ஒருத்தி உயிரோடு இருக்கலாம். இப்படி ஒருவர் இருந்தார், இறந்தார் என்பதே அவளுக்குத் தெரியாது. அவளைத் தேடிப் பிடித்து, "அம்மா, உங்களுக்குச் சொத்து வந்திருக்கிறது" என்று சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். "வாரிசு வேட்டைக்காரர்கள்" என்று அவர்களுக்குப் பெயர். 2007-ம் ஆண்டில் பி.பி.சி. டெலிவிஷன் அதே பெயரில் ஒரு தொடரைக் காட்டத் தொடங்கியது. அதன்பின் ஊரெல்லாம் இதே பேச்சு.

அடுத்த வீட்டு அம்மாள்

வேட்டை எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் அடுத்த வீட்டில்!

"அவர் எந்த ஊர்க்காரர்? அக்காள் தங்கை உண்டா? யாராவது வந்து போவார்களா?" என்று கேட்பார்கள். அடுத்த வீட்டு அம்மாள் சொல்லும் ஒரு வார்த்தை ஒரு மாத வேலையை மிச்சப்படுத்திவிடும். கிழவர் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்தவளே அவளாக இருக்கலாம். அவளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பதிவேடுகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837-ம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் சர்க்கார் பதிவு செய்து வருகிறது. 1911-க்குப் பிந்திய பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். தந்தையின் குடும்பப் பெயர், தாயின் குடும்பப் பெயர் இரண்டும் ஒத்து வந்தால், கூடப் பிறந்தவர்கள் என்று ஊகித்துவிடலாம். பெயர் அபூர்வமானதாக இருந்தால் வேலை சுலபம். "ஸ்மித்" என்றால் தலைவலிதான்! நம் ஊரில் முருகனைத் தேடுவது போல.

பெண்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கல்யாணம் ஆனதும் குடும்பப் பெயர் மாறிவிடும் அல்லவா? 1931-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கும் 1942-ல் தீயில் எரிந்து போயிற்று. ஆனால் வேறொரு புத்தகம் கை கொடுக்கிறது. யுத்தம் மூண்ட 1939-ம் ஆண்டு, செப்டம்பர் 29-ந் தேதி, வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். அடையாளச் சீட்டுக்கும் ரேஷனுக்கும் ஏற்பட்ட கணக்கு அது. பிற்பாடு அதையே அரசாங்க வைத்திய இலாகா பயன்படுத்தியது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால், பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப்பெயரைப் பக்கத்தில் எழுதினார்கள் குமாஸ்தாக்கள். யாரோ ஒரு குமாஸ்தா அன்று கிறுக்கிய எழுத்து, இன்று ஒரு கிழவியின் வீட்டுக்குப் பணம் கொண்டு வருகிறது!

யாருக்கு எவ்வளவு?

மனைவி மக்கள் இல்லையென்றால் பெற்றோர். பிறகு உடன்பிறந்தார், அவர்கள் சந்ததி. பிறகு தாத்தா பாட்டி. பிறகு பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, அவர்கள் சந்ததி. தாத்தாவின் தம்பி பேரன் வந்தால் பங்கு கிடையாது.

அறுபதாயிரம் பவுண்டு சொத்து. பங்குக்கு உரியது ஆறு கிளை என்று வையுங்கள். கிளைக்குப் பத்தாயிரம். ஓர் அத்தைக்கு ஒரே மகள் என்றால் பத்தாயிரமும் அவளுக்கே. ஒரு சித்தப்பாவுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஆளுக்கு இரண்டாயிரம்தான்.

கையெழுத்துப் போடுமுன்

வேட்டைக்காரர் தர்மத்துக்கு உழைப்பதில்லை. பங்கில் நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. ஒப்பந்தத்தில் வாரிசு கையெழுத்துப் போடும் வரையில், இறந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்! சொல்லிவிட்டால் வாரிசு தாமே நேரில் போய்ச் செலவில்லாமல் சொத்தைக் கேட்டுவிடலாமே. ஒரே சொத்தின் பின்னால் பல கம்பெனிகள் ஓடுவதும் உண்டு. முந்தினவருக்குக் கமிஷன். பிந்தினவருக்குப் பெட்ரோல் செலவு. இந்தத் தொழிலுக்கு லைசென்சு எதுவும் கிடையாது. ஆகவே வந்தவர் எப்படிப்பட்டவர் என்று பார்ப்பதும், எவ்வளவு கமிஷன் என்று பேரம் பேசுவதும் வாரிசின் பொறுப்பு.

யாரும் அகப்படாமல் பணம் அரசாங்கத்துக்குப் போய்விட்டாலும் வழி அடைபட்டுவிடுவதில்லை. நிர்வாகம் முடிந்து 12 ஆண்டுக்குள் வாரிசு வந்து கேட்டால் வட்டியோடு கொடுப்பார்கள். அதற்குப் பிறகும், இறந்து 30 ஆண்டு வரையில், வட்டியில்லாமல் கொடுக்கும் வழக்கம் உண்டு.

அடுத்த வீட்டு அம்மாள் என்ன ஆனாள்? வாரிசு யாருமே இல்லையென்றால் அவளும் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போடலாம். "இவளுக்கு ஏதாவது கொடுத்திருப்பார்" என்று நியாயமாக எதிர்பார்க்கக் கூடியவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுக்க 1925-ம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாரிசு அகப்பட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். வேட்டைக்காரர் கதவைத் தட்டி, "அவருக்கு யாராவது உண்டா, அம்மா?" என்று கேட்டபோது, "ஓர் அத்தை மகள் இருந்ததாகச் சொன்னார்" என்று நினைவுபடுத்திச் சொன்னவள் அவள்தான்.