மீண்டு வந்தவள் குணமாக எவ்வளவு காலம்?



வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிக் கொண்டு போய், அடைத்து வைத்து, உடம்பையும் மனதையும் நொறுக்கிய பிறகு சில பெண்கள் மீட்கப்படுகிறார்கள். "அதான் வந்துட்டாளே, இனி என்ன?" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மீட்பது ஒரு நாள் வேலை, குணமாவது வருஷக்கணக்கு வேலை. இதை நன்றாக விளங்கிக்கொண்டு நடக்கும் ஓர் இடத்தைப் பற்றிப் பார்ப்போம்.

அமெரிக்காவில் டெனசி மாநிலத்தில் நேஷ்வில் என்று ஒரு நகரம். அங்கே பெக்கா ஸ்டீவன்ஸ் என்ற பெண் குருவானவர் 1997இல் ஐந்து பெண்களுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். சிறு வயதில் சபையின் மூப்பர் ஒருவரால் பாலியல் கொடுமைக்கு ஆளானவர் அவர். அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

விற்கப்பட்ட பெண்களும் தெருவிலும் போதையிலும் சீரழிந்த பெண்களும் அந்த வீட்டில் இரண்டு வருஷம் தங்கலாம். வாடகை இல்லை. காவல்காரரும் இல்லை, மேட்ரனும் இல்லை. வருகிறவள் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். பூட்டி வைக்கப்பட்டிருந்தவளுக்குச் சாவிதான் முதல் மருந்து. வைத்தியம், மன ஆலோசனை, படிப்பு எல்லாம் கிடைக்கும்.

கையில் தொழில் இல்லாவிட்டால் பழைய குழிக்கே திரும்ப விழ வேண்டி வரும். அதனால் 2001இல் மெழுகுதிரி, உடம்புக்குப் பூசும் தைலம் செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'திஸல் பாம்ஸ்'. திஸல் என்பது பாதையோரத்தில் முளைக்கும் முட்செடி. யாரும் வேண்டாம் என்று தள்ளினாலும் வேர் ஆழமாகப் போகும், பூவும் பூக்கும். 2013இல் ஒரு தேநீர்க் கடையும் திறந்தார்கள். பல ஊர் மக்கள் கொடுத்த தேநீர்க் கோப்பைகளையே அங்கே அலங்கார விளக்காகத் தொங்கவிட்டார்கள்.

ஏன் இரண்டு வருஷம்? ஜூடித் ஹேர்மன் என்ற மனநல வைத்தியர் 1992இல் எழுதிய நூலில் குணமாவதற்கு மூன்று கட்டம் சொல்கிறார். முதலில் பயமில்லாத இடம் வேண்டும். அடுத்தது, நடந்ததை நினைத்து, சொல்லி, அழுது தீர்ப்பது. மூன்றாவது, மறுபடி மனிதரோடு சேர்ந்து வாழ்வது. கவ்வாத்து வெட்டிய மலையில் அடுத்த நாளே கொழுந்து பறிக்க யாரும் கூடையோடு போவதில்லையே! மனதுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

சாமி பேரைச் சொல்லிக் கெடுத்திருந்தால் காயம் இன்னும் ஆழம். நம்பியவரே கெடுத்ததால், கோயிலைக் கண்டாலும் சேர்ச்சைக் கண்டாலும் நடுக்கம் வரலாம். அப்படிப்பட்டவளை பூசைக்கும் ஜெபத்துக்கும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ராத்திரியில் அலறுவதும், தூங்காமல் கிடப்பதும், சத்தம் கேட்டுத் திடுக்கிடுவதும் பேய் அல்ல, காயத்தின் அடையாளம். வேப்பிலை அடித்தால் அடிபட்டவளையே மறுபடி அடித்ததாகும்.

அப்படியான வீடு நம்ம பக்கத்தில் இல்லாவிட்டாலும் லயத்துக் காம்பராவிலேயே சிலது செய்யலாம்:

• "என்ன நடந்தது?" என்று துருவாதீர்கள். அவளாகச் சொல்லும்போது கேளுங்கள்.
• படுக்க ஒரு மூலையும், உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவும் கொடுங்கள்.
• அவசரப்பட்டுக் கலியாணம் பேசாதீர்கள்.
• பீலிக்கரையில் அவள் கதையைப் பேசாதீர்கள்.
• கூட்டிப்போன தரகரிடமே திரும்ப அனுப்பாதீர்கள். இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி ஆட்கடத்தல் தண்டனைக்குரிய குற்றம். குற்றவாளி கடத்தியவர்தான், பிள்ளை இல்லை.

உதவிக்கு: பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, மனநலத்துக்கு 1926. வீட்டில் பேச முடியாவிட்டால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் தனியாக வந்து சொல்லலாம். "எப்ப சரியாவா?" என்று நாள் எண்ண வேண்டாம். அவள் பக்கத்தில் இருங்கள், அதுவே பெரிய வைத்தியம்.