வெள்ளத்தின்பின் ஓடை திருத்தல்: கனரக இயந்திரங்களைப் பயன்படுத்தும் முறை

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வீசிய டித்வா புயலினால் மலைநாட்டிற் பெய்த பெருமழை, மகாவலி கங்கை வழியே இறங்கித் திருகோணமலை மாவட்டத்தின் தாழ்நிலங்களை மூடியது. நவம்பர் 30ஆந் திகதி மாவிலாற்றின் கட்டு உடைப்பெடுத்தது. மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்று, கிண்ணியா ஆகிய பகுதிகளிற் பெரும்போக வயல்கள் நீரில் மூழ்கின.

வெள்ளம் வடிந்ததும் கமக்காரரின் கண்ணில் முதலிற் படுவது வயலிற் படிந்த மணலாகும். ஆயினும் அடுத்த போகத்தின் விளைவு ஓடையையே பெரிதும் பொறுத்துள்ளது. நீர் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்திருப்பின் சிறுபோகத்துக்கு நீர் கிடையாது. மிகுநீரைக் கொண்டுசெல்லும் வடிகால் தூர்ந்திருப்பின் அடுத்த மாரியிற் சாதாரண மழையும் வெள்ளமாகிவிடும். எனவே ஓடை திருத்தும் வேலையை முதல் வேலையாகக் கொள்ளல் வேண்டும்.

இவ்வேலைக்குப் புல்டோசர், ‘பெக்கோ’ என வழங்கும் மண்வாரி ஆகிய இயந்திரங்கள் பெருந்துணையாகும். மண்வெட்டியாற் பல நாட் செய்யும் வேலையை அவை ஒரே நாளில் முடிப்பன. எனினும் அவை செய்யும் பிழையும் அதே விரைவில் நிகழும். அதனைத் திருத்தப் பல ஆண்டு செல்லும். இயந்திரம் ஓடையின் பழைய வழியைத் திறக்க வேண்டுமேயன்றிப் புதிய வழியை வெட்டலாகாது. இதுவே இப்பிரசுரத்தின் சாரம்.

ஆழமாகத் தோண்டுவதால் வரும் கேடு

“நன்றாக ஆழப்படுத்திவிட்டால் இனி வெள்ளம் வராது” என்று பலர் எண்ணுகின்றனர். நமது மாவட்டத்தின் கரையோர நிலத்தில் இவ்வெண்ணம் பெருந்தீங்கு விளைவிக்கும்.

கொட்டியாரக் குடாவை நோக்கி ஓடும் ஓடைகளின் அடித்தளம், கடலை அண்மிய இடங்களிற் கடல்மட்டத்தை ஏறக்குறைய ஒத்தது. மாரி காலத்தில் மேலிருந்து வரும் நன்னீர், கடல்நீரை வெளியே தள்ளி நிற்கும். கோடையில் நன்னீர் குறையும்போது, அதனினும் பாரமான உப்புநீர் ஓடையின் அடியால் மெல்ல மெல்ல உள்ளே ஏறும். அடித்தளத்தில் இயற்கையாக அமைந்துள்ள மணல் மேடுகளே அதனைத் தடுத்து நிற்கின்றன. அம்மேடுகளை இயந்திரத்தால் அகழ்ந்து, அடித்தளத்தைக் கடல்மட்டத்துக்குக் கீழே இறக்கினால், உப்புநீர் வயலோரம்வரை வருவதற்கு நாமே வழி அமைத்தவர்களாவோம். உப்பேறிய வயலில் நெற்பயிர் குன்றும். வெங்காயம், மிளகாய், போஞ்சி ஆகியன நெல்லினும் குறைந்த உப்பையே தாங்குவன. ஆதலின் மரக்கறித் தோட்டக்காரர் முதலிற் பாதிக்கப்படுவர்.

ஆழப்படுத்துவதால் மற்றொரு தீங்கும் உண்டு. கீழ்ப்பகுதியில் ஓரிடத்தை அளவுக்கு மிஞ்சித் தோண்டினால், நீர் அப்பள்ளத்தில் விரைந்து விழும். அவ்வரிப்பு படிப்படியாக மேனோக்கி நகர்ந்து, கரைகளைச் சரித்துப் பாலங்களினதும் அணைகளினதும் அத்திவாரத்தை வெறுமையாக்கும்.

வளைவை நேராக்கலாகாது

வளைந்து செல்லும் ஓடையை நேராக வெட்டினால், நீர் விரைவாக வடியும் என்பது உண்மையே. ஆனால் மேலுள்ளவரின் வயலிலிருந்து விரைவாக வடியும் நீர் கீழுள்ளவரின் வயலில் விரைவாகச் சேரும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 103 மைல் நீளமாக வளைந்தோடிய கிசிமி ஆற்றை, வெள்ளத்தடுப்பின் பொருட்டு 1962 முதல் 1971 வரை வேலை செய்து 56 மைல் நீளமான நேர்க்கால்வாயாக மாற்றினர். அதனால் ஆற்றோரச் சதுப்பு நிலங்கள் அழிந்தன. பின்னர் 1999இல் தொடங்கி 2021வரை, அதே வகையான இயந்திரங்களைக் கொண்டு கால்வாயின் ஒரு பகுதியை மண்ணிட்டு நிரப்பி, ஆற்றைப் பழைய வளைவுகளிலே திருப்பிவிட நேர்ந்தது. ஒரு முறை வெட்டவும் ஒரு முறை மூடவுமாக இரு செலவு ஏற்பட்டது. அத்தகைய செலவை நாம் தாங்க இயலாது.

வேலை தொடங்குமுன்

1. ஓடையின் பழைய வழியை அறிந்த முதியோர் சிலரையும் வட்டவிதானையையும் உடன்கொண்டு, கடைவாயிலிருந்து தலைப்புவரை நடந்து பார்த்தல் வேண்டும். விழுந்த மரம், மணல் திட்டு, அடைபட்ட மதகு, உடைந்த கரை ஆகிய ஒவ்வொன்றையும் தடி நாட்டி அடையாளமிடுக.

2. பழைய அடித்தளத்தின் மட்டத்தைப் பாலத்தூண், மதகின் அடிப்பலகை முதலியவற்றைக் கொண்டு கண்டறிந்து, கரையில் முளையடித்துக் குறித்துக்கொள்க. இயந்திரத்தை ஓட்டுபவருக்கு இம்முளையே வழிகாட்டி.

3. கமநல சேவை நிலையத்துக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் அறிவித்து அனுமதி பெறுக. அகழ்ந்த மணலை உரிய அனுமதிப்பத்திரமின்றி விற்பதும் ஏற்றிச் செல்வதும் குற்றமாகும்.

4. நமது மாவட்டம் போர் நடந்த நிலமாதலின், வெள்ளம் பழைய வெடிபொருள்களை இடம்பெயர்த்திருத்தல் கூடும். ஐயத்துக்குரிய உலோகப் பொருள் எதுவும் தென்படின் இயந்திரத்தை உடனே நிறுத்தி, எவரையும் அணுகவிடாது பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

வேலை செய்யும் முறை

1. கீழிருந்து மேலாக வேலை செய்க. கீழ்த்தடை நீங்கியபின்னரே மேலிருந்து வரும் நீருக்குப் போக்கிடம் உண்டு. மேலே முதலில் திறந்தால், கீழுள்ள அயலவரின் வயல் மீண்டும் மூழ்கும்.

2. கடல்வாயிலுள்ள மணற்றடையைத் தாமாக வெட்டலாகாது. அதனை எப்போது, எவ்வளவு திறப்பதென்பதை உரிய அதிகாரிகளே தீர்மானித்தல் வேண்டும்.

3. இயந்திரத்தை ஒரு கரையில் மட்டும் நிறுத்தி வேலை செய்க. மறுகரையின் மரங்களும் புதர்களும் அவ்வாறே இருக்கட்டும். மருதமரத்தின் வேரும், உவர்ப்பகுதியிற் கண்டலின் வேரும் பற்றிய கரையைப் போன்று உறுதியான கரையை எந்த இயந்திரமும் கட்டித் தராது.

4. ஓடைக்குக் குறுக்கே விழுந்த மரத்தை அறுத்து இழுத்தெடுக்க. கரையில் உள்ள அடிவேரைப் பிடுங்காது விடுக.

5. அகழ்ந்த மண்ணைக் கரையின் விளிம்பிற் குவிக்கலாகாது. அதன் பாரத்தினாற் கரை சரியும். அடுத்த மழையில் அம்மண்ணே மீண்டும் ஓடையை நிரப்பும். விளிம்பிலிருந்து தள்ளிப் பரப்பி, இடையிடையே வயல்நீர் வடிய வழிவிடுக.

6. கரையைச் செங்குத்தாக வெட்டாது, ஓரடி உயரத்துக்கு ஈரடி அகலமாகச் சரித்துவிடுக. அன்றே அதன்மீது புல் பதித்தல் அல்லது வெட்டிவேர் நடுதல் நன்று.

உடைந்த கட்டை அடைத்தல்

உடைப்பில் மணலைக் கொட்டி மூடுவது வீண்செலவு. உடைப்பின் இருபுறத்தையும் உறுதியான மண் தோன்றும்வரை படிப்படியாக வெட்டி, களி கலந்த மண்ணை ஆறு முதல் எட்டு அங்குலப் படைகளாக இட்டு, ஒவ்வொரு படையையும் உருளையால் இறுக்குதல் வேண்டும். மண்ணின் ஈரப்பதத்தைக் கையாலேயே அறியலாம். ஒரு பிடி மண்ணை இறுகப் பிசைந்தால் அஃது உருண்டையாக நிற்கவேண்டும். விரலிடையே நீர் கசியலாகாது. உதிருமாயின் நீர் தெளிக்க, கசியுமாயின் உலரவிடுக.

ஈரம் ஊறிய கட்டின்மீது கனரக இயந்திரங்களை ஏற்றுதல் ஆபத்தாகும். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி அதிகாலையிற் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை நமது மாவட்டத்தார் மறந்திரார். அவ்வுடைவுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் கட்டின்மீது மிகக் கனத்த வாகனங்கள் ஓடியதும் ஒன்றாகும்.

வயலிற் படிந்த மண்

வெள்ளம் விட்டுச்சென்றது மெல்லிய வண்டலாயின் அஃது உரமாகும்; உழுது கலந்துவிடுக. தடித்த மணற்படையாயின் அதனை வழித்து அகற்றுதல் வேண்டும். இன்றேல் வயலில் நீர் தங்காது. நிலம் காயுமுன் பாரமான இயந்திரத்தை வயலில் இறக்கினால், அடிமண் இறுகி வேர் இறங்காது. காலடி புதையாத அளவுக்கு நிலம் காய்ந்தபின்னரே இறக்குக.

கமக்காரர்களே!

இயந்திரத்துக்கு மணிக்கணக்கிற் கூலி கொடுக்கின்றோம்; ஆதலின் அது வந்தபின் நின்று யோசிக்க நேரமில்லை. எவ்விடத்தில் தோண்டுவது, எவ்விடத்தை விடுவது, மண்ணை எங்கே பரப்புவது என்பவற்றைப் போக ஆரம்பக் கூட்டத்திலே எல்லாரும் கூடித் தீர்மானித்துக்கொள்க. மேல்வயற்காரரும் கீழ்வயற்காரரும் ஒரே கூட்டத்தில் இருத்தல் வேண்டும். மாரி மழை ஒக்டோபரிலே தொடங்குமாதலின், கோடை முடியுமுன் வேலை நிறைவேறிப் புல்லும் வேர்பிடித்திருத்தல் அவசியம். ஐயமுள்ளவர்கள் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை ஓடைக்கரைக்கே அழைத்துச் சென்று காட்டி ஆலோசனை பெறுவார்களாக.